டெக்ஸ்ட் கோப்பில் பதிவேடு: தேடினால் கிடைக்கவில்லை, சேர்த்தது காணோம், வரிசை கலைந்தது… என்ன செய்வது?

எங்கள் தெரு நூலகத்தின் இரவல் கணக்கை ஆறு வருடமாக டெக்ஸ்ட் கோப்பில்தான் வைத்திருக்கிறேன். மூன்றே கோப்புகள்: புத்தகங்களுக்கு ஒன்று, உறுப்பினர்களுக்கு ஒன்று, யார் எதை எடுத்துப்போனார்கள் என்பதற்கு ஒன்று. ஒரு வரிக்கு ஒரு பதிவு, கட்டங்களுக்கு நடுவே நேர்க்கோடு. இரவல் கோப்பு இப்படி இருக்கும்:

0042|கோபால்|1187|2024-03-09|2024-03-23
0107|கௌசல்யா|0311|2024-03-10|

உறுப்பினர் எண், பெயர், புத்தக எண், எடுத்த தேதி, திரும்பிய தேதி. கடைசிக் கட்டம் காலி என்றால் புத்தகம் இன்னும் வெளியில் இருக்கிறது. இது கையாலாகாதவர்களின் ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். யூனிக்ஸ் வகைக் கணினிகளில் பயனர் பட்டியலே இன்றுவரை ஒரு டெக்ஸ்ட் கோப்புதான், வரிக்கு ஏழு கட்டம், நடுவே முக்காற்புள்ளி.

இத்தனை வருடத்தில் கோப்பு தானாகக் கெட்டுப்போனதே இல்லை. சிக்கல் வந்தபோதெல்லாம் காரணம் இரண்டில் ஒன்று: வரிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பைட் (கோப்பின் சிறு துண்டு, கணினிக்கு அது ஓர் எண்) உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் இரண்டு பேர் கை ஒரே நேரத்தில் பட்டிருக்கும். அதனால் என்ன அறிகுறி வந்தாலும் முதலில் கோப்பைத் தேதி போட்டு ஒரு நகல் எடுங்கள், அப்புறம் கட்டங்களை எண்ணுங்கள். வரியைக் கட்டங்களாக வெட்டிப் பார்க்கும் ஆக் (awk) கட்டளைக்கு நேர்க்கோடுதான் பிரிப்பான் என்று சொல்லிவிட்டு, கட்டங்களின் எண்ணிக்கை 5 இல்லாத வரிகளை மட்டும் வரி எண்ணோடு காட்டச் சொன்னால் போதும், பாதி நோய் அங்கேயே பிடிபடும். இதை நான் தினமும் காலையில் ஓடவிடுகிறேன். ஒன்றும் வரவில்லை என்றால் நிம்மதி.

கீழே சொல்லும் கட்டளைகளெல்லாம் லினக்ஸ் டெர்மினலில் இருப்பவை, பெரும்பாலானவை மேக்கிலும் அப்படியே ஓடும்.

பெயர் கண் முன்னால் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

தமிழில் கணக்கு வைப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கோபால் என்று கிரெப் (grep, வரிகளுக்குள் தேடும் கட்டளை) போடுகிறீர்கள், ஒன்றும் வரவில்லை. கோப்பைத் திறந்தால் கோபால் அங்கே இருக்கிறார். காரணம், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுத முடியும். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒரே குறியாக வரலாம், அல்லது இரட்டைக்கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறிகளாக வரலாம். திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும். விசைப்பலகையில் அடித்தால் பெரும்பாலும் முதல் வகை வரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியல், பிடிஎஃபிலிருந்து எடுத்து ஒட்டிய பெயர் இவற்றில் இரண்டாவது வகை வர வாய்ப்பு அதிகம்.

உறுதிப்படுத்த ஒரே வழி பைட்டைப் பார்ப்பது. யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ஒழுங்கான 'கோபால்' என்பதில் க, ஓகாரக் குறி, ப, கால், ல, புள்ளி என்று 6 குறிகள், ஆகவே 18 பைட். உடைந்த 'கோபால்' என்றால் 7 குறிகள், 21 பைட். சந்தேகமான பெயரை மட்டும் வெட்டி எடுத்து டபிள்யூசி (wc) கட்டளையில் பைட் எண்ணச் சொல்லுங்கள் (வரி முடிவுக்கு 1 கூடுதலாக வரும், 19 அல்லது 22 என்று காட்டும்). இன்னும் நெருக்கமாகப் பார்க்க ஓடி (od) என்ற கட்டளை இருக்கிறது, பைட்டுகளைப் பதின்ம எண்ணாகக் காட்டச் சொன்னால் 'கோ' ஒழுங்காக இருக்கும்போது இப்படி வரும்:

224 174 149 224 175 139

உடைந்திருந்தால் இப்படி:

224 174 149 224 175 135 224 174 190

இதைச் சரிசெய்வது எளிது. பைதானில் யூனிகோட் இயல்பாக்கம் செய்யும் வசதி உடன்வருகிறது, அதில் 'என்எஃப்சி' என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்து முழுக் கோப்பையும் ஒருமுறை ஓட்டினால் உடைந்ததெல்லாம் ஒன்றுசேர்ந்துவிடும். அதோடு நிறுத்தாமல் புதிய வரியைக் கோப்பில் சேர்க்கும் ஸ்கிரிப்டிலும் தேடும் ஸ்கிரிப்டிலும் இதே இயல்பாக்கத்தைப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் திரும்ப வரும்.

ஔகாரம் வேறு கதை. 'கௌசல்யா' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'கெளசல்யா' என்று அடிப்பவர்கள் நிறைய. இதை இயல்பாக்கம் தொடாது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் ள ஒரு முழு எழுத்து, தப்பாக ஒன்றுமே இல்லை. சரி, மொத்தமாக 'கெள' எல்லாவற்றையும் 'கௌ' ஆக்கிவிடலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். கெளுத்தி மீனில் இருப்பது உண்மையான ளகரம், 'தெளிவு', 'வெள்ளி' எல்லாவற்றிலும் அப்படித்தான். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் பட்டியலெடுத்து, ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். எங்கள் பட்டியலில் முப்பது நாற்பது வரிதான் வந்தது, அரை மணி நேர வேலை.

இவை இரண்டும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒளிந்திருக்கும் இடைவெளிகள். செல்பேசிச் செய்தியிலிருந்து பெயரை நகலெடுத்து ஒட்டும்போது அகலமே இல்லாத குறிகள் கூடவே வந்துவிடும். ஓடி காட்டும் எண்களில் 226 128 என்று ஆரம்பித்து 139, 140, 141 இவற்றில் ஒன்றில் முடிந்தால் அது இந்த வகை. 194 160 என்று வந்தால் அது உடையாத இடைவெளி, பார்க்கச் சாதாரண இடைவெளி மாதிரியே இருக்கும், ஆனால் சாதாரண இடைவெளியின் எண் 32. பெயர்க் கட்டத்தில் இவற்றுக்கு ஒரு வேலையும் இல்லை, தயங்காமல் நீக்குங்கள்.

கேட்டது ஒன்று, கொட்டுவது நூறு

42ஆம் எண் உறுப்பினரைத் தேடினால் 0142, 0420, 1042 எல்லாம் சேர்ந்து வருகின்றன. கிரெப் கட்டம் எதையும் அறியாது, வரியில் எங்கே அந்த எழுத்துகள் இருந்தாலும் எடுத்துக் கொடுக்கும். எந்தக் கட்டத்தில் தேடுகிறோம் என்பது முக்கியம் என்றால் ஆக் பயன்படுத்தி முதல் கட்டம் இதற்குச் சமமா என்று கேளுங்கள். ஒரு நுணுக்கம்: 42 என்று மேற்கோள் இல்லாமல் கேட்டால் அது எண்ணாக ஒப்பிடும், 0042 அகப்படும். மேற்கோளுக்குள் கேட்டால் எழுத்தாக ஒப்பிடும், அகப்படாது.

எல்லா வரியும் கொட்டுகிறது என்றால் நேர்க்கோட்டைச் சந்தேகப்படுங்கள். கிரெப்பின் விரிவான முறையில் நேர்க்கோட்டுக்கு 'அல்லது' என்று பொருள், ஆகவே '0042|' என்று தேடினால் '0042 அல்லது வெறுமை' என்றாகிவிடும், வெறுமை எல்லா வரியிலும் இருக்கிறதே. மேற்கோளே போடாமல் விட்டால் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) அதை ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாய் என்று எடுத்துக்கொண்டு வேறு ஏதோ கட்டளையைத் தேடப் போய்விடும்.

திரும்பாத புத்தகங்களைக் கேட்டால் ஒன்றும் இல்லை என்கிறது

கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளைக் கேட்டேன், பூஜ்யம் வந்தது. முந்தின நாள் 60 புத்தகம் வெளியில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். நடந்தது இதுதான்: ஒருவர் விண்டோஸ் மடிக்கணினியில் கோப்பைத் திறந்து சேமித்திருந்தார், அவருடைய எடிட்டர் ஒவ்வொரு வரியின் முடிவையும் 10 என்ற ஒற்றைப் பைட்டிலிருந்து 13, 10 என்ற இரட்டையாக மாற்றிவிட்டது. அந்த 13 கடைசிக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நமக்குக் காலி, கணினிக்கு அதில் ஓர் எழுத்து இருக்கிறது.

இதன் இன்னொரு முகம், கடைசிக் கட்டத்துக்குப் பின்னால் எதையாவது சேர்த்து அச்சடித்தால் அது வரியின் தலையில் ஏறிப் படுத்துக்கொள்ளும், பெயரின் முதல் பாதி மறைந்துவிடும். அப்படிப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம். டிஆர் (tr) கட்டளையால் 13ஐ நீக்கலாம், டாஸ்2யூனிக்ஸ் இருந்தால் அதுவும் இதையே செய்யும்.

முதல் வரி மட்டும் அகப்படுவதில்லை

கோப்பின் தலையில் 239 187 191 என்று மூன்று பைட் இருக்கிறதா பாருங்கள். இது யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் முத்திரை. முதல் கட்டத்தோடு ஒட்டிக்கொள்வதால் முதல் உறுப்பினர் மட்டும் யாருக்கும் தெரியாதவர் ஆகிவிடுவார். நீக்கிவிடுங்கள். நோட்பேடின் பழைய பதிப்புகளில் யூடிஎஃப்-8 என்று சேமித்தாலே இது சேர்ந்துவிடும், 2019க்குப் பின் வந்த பதிப்புகளில் முத்திரை இல்லாமல் சேமிப்பதே இயல்பு.

இரண்டு பதிவு ஒரே வரியில் ஒட்டிக்கொண்டது

கோப்பின் கடைசி வரிக்கு வரிமுடிவு இல்லை. அதன்மேல் அடுத்த பதிவைச் சேர்த்தால் முந்தினதின் வாலிலேயே தொடங்கும். கட்டம் எண்ணும் சோதனையில் 5க்குப் பதில் 9 என்று வருவது இதன் அடையாளம். ஒட்டிய இடத்தில் எண்டர் தட்டினால் சரியாகிவிடும். கடைசி வரி மட்டும் ஷெல் ஸ்கிரிப்டின் சுற்றில் விடுபடுகிறது என்றாலும் காரணம் இதுவேதான்.

கட்ட எண்ணிக்கை 6, 7 என்று வந்தால் யாரோ ஒரு கட்டத்துக்குள்ளேயே நேர்க்கோடு போட்டிருக்கிறார்கள். நான் காற்புள்ளியை விட்டுவிட்டு நேர்க்கோட்டைத் தேர்ந்ததே இதைக் குறைக்கத்தான். முகவரியில் காற்புள்ளி இல்லாமல் நம் ஊரில் யாரும் எழுதுவதில்லை. காற்புள்ளிக் கோப்புகளுக்கு 2005இல் வந்த ஒரு விதிமுறை ஆவணம் உண்டு, கட்டத்தை இரட்டை மேற்கோளில் போடு, உள்ளே மேற்கோள் வந்தால் இரண்டாக்கு என்று சொல்லும். ஆனால் அப்படி எழுதிய கோப்பைக் காற்புள்ளியில் வெட்டும் எளிய ஆக் வரி தப்பாகத்தான் வெட்டும். கையால் தொடும் கோப்புக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

கோப்பு காலி

பதறாதீர்கள், நகல் எடுத்திருப்பீர்கள். இரவல் கோப்பை வரிசைப்படுத்தி அதே பெயருக்கே வெளியீட்டைத் திருப்பிவிட்டால் இப்படித்தான் ஆகும். சார்ட் கட்டளை தொடங்குவதற்கு முன்பே ஷெல் அந்தக் கோப்பை எழுதுவதற்காகத் திறந்து காலியாக்கிவிடுகிறது, அதற்குப் பின்னால் சார்ட் படிக்கப் போகும்போது அங்கே ஒன்றும் இருக்காது. சார்ட்டில் வெளியீட்டுக் கோப்பைக் குறிக்கத் தனியாக ஒரு தெரிவு இருக்கிறது, அதில் அதே பெயரைக் கொடுத்தால் ஆபத்தில்லை, முழுக்கப் படித்த பிறகே எழுதும்.

மற்ற எதற்கும் ஒரே பழக்கம்: மாற்றிய வடிவத்தை அதே அடைவில் தற்காலிகப் பெயரில் எழுதுங்கள், கட்டம் எண்ணுங்கள், வரி எண்ணுங்கள், சரியாக இருந்தால் எம்வி கட்டளையால் பழைய பெயருக்கு மாற்றுங்கள். ஒரே வட்டுப்பகுதிக்குள் இந்தப் பெயர்மாற்றம் ஒரே அடியில் நடக்கும். அந்த நேரத்தில் யாராவது கோப்பைத் திறந்தால் முழுப் பழையது கிடைக்கும் அல்லது முழுப் புதியது கிடைக்கும், பாதி எழுதியது கிடைக்காது. நடுவில் கரண்ட் போனாலும் பழைய கோப்பு தொடப்படாமல் இருக்கும், இதற்காகவே அதே அடைவு என்று அழுத்திச் சொல்கிறேன். வேறு வட்டிலிருந்து நகர்த்தினால் அது நகலெடுத்து அழிப்பதாகிவிடும், அந்தப் பாதுகாப்பு இல்லை.

நேற்றுச் சேர்த்த வரி இன்று இல்லை

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேர் உட்காருவோம், பொது அடைவில் கோப்பு, ஆளுக்கொரு மடிக்கணினி. அவர் 10 மணிக்குக் கோப்பைத் திறந்து வைத்திருந்தார், நான் 10:05க்குத் திறந்து நான்கு வரி சேர்த்துச் சேமித்தேன், அவர் 10:20க்கு இரண்டு வரி சேர்த்துச் சேமித்தார். அவருடைய திரையில் இருந்தது 10 மணிக் கோப்பு, அதனால் என் நான்கு வரியும் போயிற்று. எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை. ஒரு பெரியவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், கோப்பில் அவர் இன்னும் தரவில்லை என்று இருந்தது, அவரிடம் போய்க் கேட்டும்விட்டோம். அது எனக்கு இன்றும் மனசுக்குச் சங்கடம்.

லினக்ஸில் எஃப்லாக் என்ற கட்டளையால் பூட்டுப் போடலாம், ஆனால் பூட்டைக் கேட்கிற ஸ்கிரிப்டுகளை மட்டும்தான் அது காக்கும், எடிட்டரில் நேராகத் திறப்பவரைத் தடுக்காது. இணையத்தில் ஒத்திசைக்கும் அடைவு என்றால் மோதல் நகல் என்று இரண்டாவது கோப்பு ஒன்று முளைக்கலாம், அதை அழிக்காமல் டிஃப் போட்டு ஒப்பிடுங்கள், தொலைந்த வரி பெரும்பாலும் அதில் இருக்கும்.

நாங்கள் கடைசியில் செய்தது வேறு. இரவல் கோப்பை மட்டும் ஆளுக்கொன்றாகப் பிரித்தோம். என் வரிகள் என் கோப்பில், அவர் வரிகள் அவர் கோப்பில், எழுதிய வரியை யாரும் திருத்துவதில்லை, புத்தகம் திரும்பினால் 'திரும்பியது' என்று புது வரி ஒன்று கீழே சேரும். படிக்கும்போது இரண்டையும் சேர்த்து, நேரப்படி வரிசைப்படுத்தி, புத்தக எண்ணுக்குக் கடைசி வரி எதுவோ அதுவே நிலவரம். அன்றிலிருந்து ஒரு வரிகூடத் தொலையவில்லை. இரண்டு பேர் எழுதுவதாக இருந்தால் முதல் நாளே இப்படி ஆரம்பியுங்கள்.

விரிதாளில் திறந்து மூடியபின் எல்லாம் மாறியிருக்கிறது

0042 என்பது 42 ஆகியிருக்கும். தேதி அந்தக் கணினியின் நாட்டு அமைப்புப்படி முன்பின் மாறியிருக்கும். 978இல் தொடங்கும் 13 இலக்கப் புத்தக எண் 9.78இ+12 என்று சுருங்கியிருக்கும், அப்படியே சேமித்தால் மற்ற இலக்கங்கள் போனவைதான். இது நமக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. எக்செல் சில மரபணுப் பெயர்களைத் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதால், மனித மரபணுக்களுக்குப் பெயர் சூட்டும் குழு 2020இல் 'மார்ச்1' போன்ற பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

தமிழ் என்ன ஆனது என்று உற்றுப் பாருங்கள். தலையில் கோடு போட்ட சிறிய ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர்-உம் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸின் மேலைநாட்டுக் குறியாக்கத்தில் படித்திருக்கிறது என்று பொருள் (224க்கு அங்கே அந்த ஏ, 174க்கு அந்த வட்டம்). சேமிக்காமல் மூடுங்கள், உங்கள் கோப்பு பத்திரமாக இருக்கிறது. தமிழ் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் இருந்து, சேமித்தும் விட்டீர்கள் என்றால் மீட்க வழி இல்லை, நகலுக்குப் போங்கள்.

விரிதாள் வேண்டும் என்பவர்களுக்கு நான் ஒரு பிரதி கொடுப்பேன், திரும்ப வாங்கமாட்டேன். அவர்களே திறப்பதாக இருந்தால் நேராக இரட்டைச் சொடுக்கு வேண்டாம், இறக்குமதி வழியாகப் போய் எல்லாக் கட்டத்தையும் 'டெக்ஸ்ட்' என்று குறிக்கச் சொல்லுங்கள்.

வரிசை தப்பாக வருகிறது

9க்கு முன்னால் 10 வந்தால் சார்ட் எழுத்தாக வரிசைப்படுத்துகிறது, எண்ணாக வரிசைப்படுத்தும் தெரிவைப் போடுங்கள், அல்லது என்னைப் போல் எல்லா எண்ணையும் நான்கு இலக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். தேதி வருடம், மாதம், நாள் என்ற முறையில் இருந்தால் எழுத்து வரிசையே கால வரிசை. நாள் முதலில் வந்தால் எழுத்து வரிசை கால வரிசையாக இருக்காது.

தமிழ்ப் பெயர்கள் தப்பாக வருவது கோப்பின் குற்றம் இல்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் இடம் 1988இன் இந்தியப் பொதுக் குறியீட்டு அமைப்பைப் பின்பற்றி அமைந்தது. அதில் னகரம் நகரத்துக்குப் பக்கத்திலேயே வருகிறது, புள்ளி எல்லா உயிர்க்குறிக்கும் பின்னால் போய்விட்டது. அதனால் பைட் வரிசையில் மயில்வாகனனுக்கு முன்னால் மனோகரன் வருவார், அக்கம்மாவுக்கு முன்னால் அகல்யா வருவார், அகராதி முறையில் இரண்டுமே தலைகீழ். ஐசியூ என்ற நிரலகத்தில் தமிழுக்கான அகரவரிசை விதி இருக்கிறது, பைதானிலிருந்து அதைக் கூப்பிடலாம். சுவரில் ஒட்டும் பட்டியலுக்கு மட்டும் நான் அதைப் பயன்படுத்துகிறேன். கோப்புக்குள் பைட் வரிசையே இருக்கட்டும், ஏனென்றால் இரண்டு கோப்புகளை இணைக்கும் ஜாயின் கட்டளைக்கு இரண்டும் ஒரே முறையில் வரிசைப்பட்டிருக்க வேண்டும். 'வரிசையில் இல்லை' என்று அது புலம்பினால் இரண்டையும் பைட் வரிசையைத் தரும் சி என்ற மொழியமைப்பில் திரும்ப வரிசைப்படுத்திவிட்டுப் பாருங்கள்.

மெதுவாக இருக்கிறது

10,000 வரி, வரிக்கு 100 பைட் என்றால் மொத்தமே 1 எம்பி. அதில் தேட நொடிகூட ஆகாது. மெதுவாக இருந்தால், உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஒரு கட்டளையைத் தொடங்குகிறதா என்று பாருங்கள். சுற்றுக்குள் கிரெப் இருந்தால் அதை எடுத்துவிட்டு முழு வேலையையும் ஒரே ஆக்கில் செய்யுங்கள், பத்து நிமிடம் ஓடியது கண் சிமிட்டும் நேரத்தில் முடியும்.

வேகத்துக்காக இடம் மாற வேண்டியதில்லை. ஒரே காரியத்துக்கு இரண்டு கோப்பு சேர்ந்து மாற வேண்டும், ஒன்று மாறி மற்றது மாறாமல் நின்றால் பணம் தவறிப்போகும் என்ற நிலை வந்தால் மாறுங்கள். அப்போது போக வேண்டிய இடம் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளம், ரிச்சர்ட் ஹிப் 2000இல் வெளியிட்டது, அதுவும் ஒரே கோப்புதான், சர்வர் எதுவும் வேண்டாம். அதன் கட்டளைக் கருவியில் இயல்பான பிரிப்பானே நேர்க்கோடு என்பதால் மேலே காட்டிய கோப்பு அப்படியே உள்ளே போகும். ஆனால் அட்டவணையை முதலில் நீங்களே உருவாக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் வரியைத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு கோபாலின் பதிவைக் கட்டப் பெயர்களாக ஆக்கிவிடும். எல்லாக் கட்டத்தையும் டெக்ஸ்ட் வகை என்றே அறிவியுங்கள். முழு எண் என்று அறிவித்தால் 0042 அங்கேயும் 42 ஆகிவிடும்.